கொழுந்துக் கணக்கைத் துடைத்த சபாரி

பொகவந்தலாவைப் பக்கம், தோட்டம் பிரித்துக் கொடுத்த தேயிலைத் துண்டைப் பராமரிக்கும் அக்கா ஒருவர் போன் செய்தார். "தம்பி, போன சுற்றுல கொழுந்து நிறுத்துக் குறிச்ச கிலோ ஒன்னையும் காணோம். நீங்க அழிச்சிட்டீங்களா?"

நான் அட்டனில் வெப்சைட் செய்து பிழைக்கிறவன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தரும் சிட்டை மழையில் நனைந்துவிடுகிறது என்றதால், பிரவுசரிலேயே கிலோவைக் குறித்துவைக்க ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தேன். மலையில் சிக்னல் கிடையாது. கணக்கு முதலில் போனில் தங்கும். சிக்னல் உள்ள இடத்தில் பக்கத்தை மறுபடி திறந்தால்தான் சர்வருக்குப் போகும்.

என் ஆன்ட்ராய்டு போனில் ஒரு மாதமானாலும் கணக்கு அப்படியே இருந்தது. அக்காவிடம் இருந்ததோ, மகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஐபோன். கோடில் பிழை தேடியே இரண்டு இரவு போனது. பிழை அங்கே இல்லை. ஐபோனோடு வரும் பிரவுசர் சபாரி. 2020 மார்ச்சில் வந்த சபாரி 13.1 முதல் ஒரு விதி உண்டு: ஒரு தளத்தை நாம் தொடாமலே சபாரியைப் பாவித்த நாட்கள் 7 ஆகிவிட்டால், அந்தத் தளத்தின் ஸ்கிரிப்ட் பிரவுசருக்குள் எழுதிவைத்த சேமிப்பை, லோக்கல் ஸ்டோரேஜ், இன்டெக்ஸ்டு டிபி எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். நம்மைப் பின்தொடர்கிறவர்கள் அங்கே அடையாளத்தை ஒளித்துவைப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அக்கா வீட்டில் சபாரி தினமும் ஓடுகிறது. கொழுந்து பறிக்கும் சுற்றோ எட்டு, ஒன்பது நாளுக்கு ஒருமுறை!

"டிராக்கிங் தடுப்பை ஆஃப் பண்ணச் சொல்லுங்க, வேலை முடிஞ்சுது" என்றார் கூட வேலை செய்கிறவர். எனக்கு மனம் வரவில்லை. அந்தப் போனில்தான் அக்காவின் வங்கிக் கணக்கும் இருக்கிறது. என் பக்கம் ஓடுவதற்காக அவர் வீட்டுக் கதவை நான் ஏன் திறந்துபோட வேண்டும்? பிரவுசரின் சேமிப்பை அலுமாரி மாதிரி நம்பியது என் தவறு. பக்கத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்க்கச் சொன்னேன். அப்படிச் சேர்த்தால் நாள் கணக்கு சபாரியோடு சேராமல் தனியாக ஓடும். "இன்னும் அனுப்பவில்லை" என்று சிவப்பில் ஒரு வரியும் போட்டேன். அந்த வரிதான் உண்மையில் வேலை செய்தது.

அடுத்தது, துண்டு எங்கே இருக்கிறது என்று போனிடமே கேட்டுக் குறிக்கும் இடம் காட்டும் வசதி. என் லேப்டாப்பில் நன்றாக வந்தது, போனில் வரவில்லை. இது பழைய கதை: 2016இல் வந்த குரோம் 50 முதல், எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத பக்கத்துக்கு இடத்தைத் தருவதில்லை. லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது அதே கருவியைக் குறிக்கும் முகவரிக்கு, மட்டும் விலக்கு. போனில் 192.168 என்று தொடங்கும் லேப்டாப்பின் வைஃபை முகவரியில் திறந்தால் அந்த விலக்கு கிடையாது. கேபிளைச் செருகி, போனின் லோக்கல்ஹோஸ்டை லேப்டாப்புக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங் செய்தால் போனிலும் லோக்கல்ஹோஸ்டாகவே திறக்கலாம்.

அது சரியான பிறகும் முறைப்பாடு நிற்கவில்லை. இடம் கிடைக்காவிட்டால் பிரவுசர் ஒரு பிழை எண் தரும்: 1 என்றால் அனுமதி இல்லை, 2 என்றால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை, 3 என்றால் நேரம் போதவில்லை. மூன்றுக்கும் "அனுமதி தரவும்" என்று ஒரே செய்தியைக் காட்டி வைத்திருந்தேன். பள்ளத்தாக்கில் நெட்வொர்க் உதவியில்லாமல் ஜிபிஎஸ் பிடிக்க நேரமெடுக்கும். நான் கொடுத்ததோ 5 விநாடி. அனுமதியைச் சரியாகக் கொடுத்திருந்தவர்கள் செட்டிங்ஸில் நுழைந்து கண்டதையெல்லாம் மாற்றிவிட்டார்கள். போதாததற்கு, பக்கம் திறந்ததும் அனுமதி கேட்டேன். பதில் சொல்லாமல் மூன்று முறை மூடிவிட்டால் குரோம் ஒரு வாரம் அந்தக் கேள்வியையே கேட்காது. ஒரே போனை வீடே பாவிக்கும், தோட்டத்து வரிசை வீடான லயத்தில், மூன்று முறை மூட ஒரு மாலை போதும். ஆன்ட்ராய்டு 12இலிருந்து தோராயமான இடத்தை மட்டும் கொடுக்கவும் முடியும். அது சுமார் 3 சதுர கிலோமீட்டர் அளவுக்குத்தான் சொல்லும். அதற்குள் பக்கத்துத் தோட்டமும் அடங்கிவிடும்.

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்: "என் துண்டு எங்க இருக்குன்னு ஒவ்வொரு சுற்றுக்கும் ஏன் கேக்குது தம்பி? அது எங்கயும் நடந்து போகாதே."

அன்றிரவே அந்தப் பகுதியை அழித்தேன். இப்போது காணி இலக்கத்தை ஒரே ஒரு தடவை கேட்கிறேன்.