உப்புத்தானே டொக்டர்?

வீட்டில் செய்த உப்புப் பெயின்டைத் தின்றுவிட்டு வந்த பிள்ளை, இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது. கனடாவின் ஸ்காபரோவில் வெளியே மைனஸ் 15. ஒன்றரை வயதுப் பிள்ளை, அம்மா, அம்மம்மா மூவரும் என் அறையில். பிள்ளையின் சட்டைக் கையில் வெள்ளையாக ஏதோ காய்ந்துபோய், தொட்டால் பொருபொருவென்று உதிர்ந்தது. பனி பெயின்டாம். மாவும் உப்பும் தண்ணீரும் சம அளவில் குழைத்து, நீலக் கடதாசியில் பனிமனிதன் கீற. பிள்ளை கீறவில்லை, கரண்டியால் அள்ளித் தின்றுவிட்டாள்.

"உப்புத்தானே டொக்டர்? கடைப் பெயின்டுக்குப் பயந்துதான் வீட்டிலேயே செய்தேன்" என்றார் அம்மா.

அந்தத் "தானே"யைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கென்று விற்கிற, நச்சற்றது என்று போட்ட கடைப் பெயின்டில் ஒரு வாய் போயிருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். சமையலறையில் இருப்பதெல்லாம் பிள்ளைக்கு நல்லது என்று யார் சொன்னது? இந்த வயதில் ஒரு நாள் முழுவதற்கும் 2 கிராம் உப்புப் போதும். ஒரு தேக்கரண்டி உப்பு 6 கிராம். இந்தக் குழையலில் ஒரு தேக்கரண்டியிலேயே ஒரு நாள் உப்பு போய்விடும். இவள் எத்தனை கரண்டி தின்றாள் என்று யாருக்கும் தெரியாது.

அதோடு முடியவில்லை. வாந்தி வரட்டும் என்று அம்மம்மா உப்புத்தண்ணீர் பருக்கியிருக்கிறார். அவரில் கோபமில்லை, ஊரில் எங்கள் வீட்டிலும் இதைத்தான் செய்வார்கள். ஆனால் தயவுசெய்து, எதைத் தின்ற பிள்ளைக்கும் உப்புத்தண்ணீர் கொடுக்காதீர்கள். உப்பைத் தின்ற பிள்ளைக்கா அதையே கொடுப்பது?

நேரே அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். இரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, ஏறித்தான் இருந்தது. ஓர் இரவு வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள்.

உங்கள் பிள்ளையும் இப்படித் தின்றுவிட்டால் வாயைத் துடையுங்கள், நச்சுத் தகவல் மையத்துக்கு எடுங்கள்: 1-844-764-7669. அவர்கள் சொல்வதை மட்டும் செய்யுங்கள். பிள்ளை வாந்தி எடுத்தாலோ, தண்ணீர் தண்ணீர் என்று தவித்தாலோ உடனே அவசரப் பிரிவு. சோர்ந்து தூங்கி விழுந்தால், வலிப்பு வந்தால் 911. கலக்கிய கிண்ணத்தைக் கழுவிவிடாமல் கொண்டுவாருங்கள். எவ்வளவு போயிருக்கும் என்று ஊகிக்க எங்களுக்கு அதுதான் உதவும்.

குளிக்கும் தண்ணீரில் போடுகிற எப்சம் உப்பில் (மக்னீசியம் சல்பேட்) உறைபனிப் பூ வரைவதும் இந்த வயதில் வேண்டாம். பஞ்சு உருண்டை, பொம்பொம் என்கிற குட்டி நூல் பந்து எல்லாம் தொண்டையில் அடைக்கும், மூன்று வயதுக்குப் பிறகுதான். தண்ணீர் பட்டதும் ஊதிப் பெருக்கிற செயற்கைப் பனித்தூளை வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள்.

பெயின்ட் வேண்டுமென்றால், பட்டத்துக்குப் பசை காய்ச்சுவதுபோல் மாவைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் உணவு நிறம் இரண்டு சொட்டு விடுங்கள். பச்சை மா வேண்டாம், அதில் கிருமி இருக்கலாம். பாலில் ஒவ்வாமை இல்லாத பிள்ளையென்றால் வெறும் தயிரே போதும்.

இல்லையா, பின்வளவில் கொட்டிக் கிடக்கிற பனியை ஒரு தட்டத்தில் அள்ளி வந்து, தூரிகையும் நிறத்தண்ணீரும் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். வீதியோரத்துப் பனியை மட்டும் அள்ளாதீர்கள். பனி உருக வீதியில் கொட்டுவதும் உப்புத்தான்.