ஆறரை ஆண்டே இருந்த அறிவியல் அலுவலகம்

1941 ஜூன் 28 அன்று அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணையால் அமெரிக்காவில் அறிவியல் ஆராய்ச்சி மேம்பாட்டு அலுவலகம் அமைந்தது. தலைவர் வானெவர் புஷ், முன்பு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) இருந்த மின்பொறியாளர். ராணுவத்தின் கேட்புக்குக் காத்திராமல் அவர் நேரே அதிபரிடம் போகலாம். 1947 டிசம்பர் 31-இல் அலுவலகம் மூடப்பட்டது. ராடார், பெனிசிலின் பெருமளவு உற்பத்தி, அணுகுண்டின் தொடக்கக் கட்டம் எல்லாமே அதன் கையில் இருந்தவை.

இத்தனைக்கும் அது தனக்கென்று ஆய்வுக்கூடங்களைக் கட்டிக்கொள்ளவில்லை. ஒப்பந்தம்தான் அதன் கருவி. நிபுணர் குழு ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஏற்ற பல்கலைக்கழகத்தையோ தொழிற்சாலையையோ பரிந்துரைக்கும். இன்ன பொருளைச் செய்து தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இராது. இன்ன சிக்கலை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்றே இருக்கும். விடை தெரியாத ஆராய்ச்சிக்கு விலை பேச முடியாதே! ஆன செலவை அரசு ஈடுகட்டும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கட்டடம், மின்சாரம், கணக்கர் போன்ற மறைமுகச் செலவுக்காகப் பல்கலைக்கழகத்துக்குச் சம்பளத்தொகையில் 50 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. காப்புரிமைக்கு இரண்டு வாசகங்கள்: ஒன்றில் உரிமை ஒப்பந்ததாரருக்கு, அரசுக்கு ராயல்டியின்றிப் பயன்படுத்தும் உரிமம், மற்றதில் முடிவு அரசின் கையில்.

இந்த முறையில் உருவானதுதான் இலக்கை நெருங்கியதுமே பீரங்கிக் குண்டை வெடிக்கவைக்கும் ரேடியோ ஃபியூஸ். குண்டின் மூக்குக்குள் ஒரு சின்ன ரேடியோ. சுடும்போது புவியீர்ப்பைப் போல் 20,000 மடங்கு முடுக்கத்தில் சாதாரண ரேடியோ வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) நொறுங்கிவிடும். அதனால் காதுகேள் கருவிக்கான குட்டி வால்வுகளை வலுப்படுத்தினார்கள். குண்டுகளை வானை நோக்கிச் செங்குத்தாகச் சுட்டு, விழுந்த இடத்தில் தோண்டியெடுத்து, எந்த வால்வு பிழைத்தது என்று பார்த்தார்கள். மின்கலத்தில் நல்ல யோசனை: மின்கலத் திரவம் அடைத்த கண்ணாடிக் குப்பி சுட்ட அதிர்ச்சியில் உடைய, குண்டின் சுழற்சி அந்தத் திரவத்தைத் தகடுகளிடையே பரப்பும். அதுவரை மின்சாரமே கிடையாது. கிடங்கில் கெட்டுப்போகவும் செய்யாது. 1943 ஜனவரியில் ஹெலெனா கப்பல் இதைக் கொண்டு விமானத்தை வீழ்த்தியது.

பணம் பெரும்பாலும் எம்.ஐ.டி. போன்ற சில நிறுவனங்களுக்கே போனது. செனட்டர் கில்கோர் அதைக் கடுமையாக எதிர்த்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வேலையை விரைவில் முடிக்கத் தேர்ந்த கூடங்களையே நாடியதால், சிறிய கல்லூரிகளுக்கு வாய்ப்பே வரவில்லை.

போர் முடிந்ததும் கலைத்துவிட வேண்டும் என்பதில் புஷ்ஷே உறுதியாக இருந்தார். அடுத்து நிரந்தர அமைப்பு வரும் என்று நம்பினார். ஆனால் அதன் தலைவரை அதிபர் நியமிக்க முடியாதபடி எழுதப்பட்ட மசோதாவை 1947-இல் அப்போதைய அதிபர் ட்ரூமன் நிராகரித்தார். அந்த நிரந்தர அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளை 1950-இல்தான் வந்தது. இடைக்காலத்தில் மருத்துவ ஒப்பந்தங்கள் தேசிய சுகாதார நிறுவனத்துக்கும், இயற்பியல் ஆராய்ச்சியில் பெரும்பகுதி கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தன.