அனுமதி அட்டையும் குவிந்த விரல்களும்

சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் காலை 7.30 மணிக்கே டிஸ்பென்சரி வாசலில் ஓட்டோ வந்து நின்றால், அது காய்ச்சலாக இருக்காது என்று எனக்குத் தெரியும்.

ஒருமுறை அப்படித்தான் ஒரு பிள்ளை வந்தாள் (ஆளைத் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). உப்புவெளிப் பக்கமிருந்து டவுனுக்குள் வந்தபின் பையைத் திறந்தால் அனுமதி அட்டையைக் காணவில்லை. வண்டியைத் திருப்பப் போனால் வீதியை மறித்துக்கொண்டு மான்கள். திருகோணமலையில் மான்கள் தெருவில் மாடுகளைப் போலத் திரிவது நமக்குப் பழக்கம். அவளுக்கு அன்று அதுவும் சகுனப் பிழையாகிவிட்டது. என்னிடம் வந்தபோது வாயைச் சுற்றி விறைப்பு. இரண்டு கைவிரல்களும் திருநீறு எடுக்கக் குவிப்பது போலக் குவிந்திருந்தன. “டொக்டர், பிள்ளைக்கு வாதம் வந்திட்டுதா?” என்று அம்மா அழுதார். கூட வந்த மாமா ஒரு சொப்பிங் பையை அவள் முகத்தில் பிடித்து, அதற்குள் ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் அந்தப் பையை வாங்கி எறிந்தேன். முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள பிள்ளையென்றால் உயிருக்கே ஆபத்து.

வாதமில்லை. பயத்தில் மூச்சு வேகமாகும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது. இரத்தத்தின் அமிலத்தன்மை சற்றுக் குறைந்து காரத்தன்மை கூடுகிறது, அதில் பயன்படக்கூடிய கல்சியமும் குறைகிறது, நரம்பு விரல்களை இழுத்துப் பிடிக்கிறது. தொலைந்தது அட்டையா, சீறியது பாம்பா என்று, பயத்தில் உடம்பு சுரக்கும் அதிரீனலின் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. அதனால் “நடிக்காதே” என்று அதட்டுவது பிழை. சுற்றிநின்று ஒப்பாரி வைப்பது அதைவிடப் பிழை.

மூக்கால் 4 எண்ணும்வரை இழு, உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை மெதுவாக விடு என்றேன். மாமாவும் சேர்ந்து எண்ணினார். அவருக்குத்தான் முதலில் குணமானது. பத்து நிமிடமளவில் அவளுடைய விரல்களும் விரிந்தன.

பலருக்கு விரலல்ல, வயிறுதான் முந்திக்கொள்ளும். மண்டப வாசலில் மூன்றாவது தரம் கழிப்பறையைத் தேடுவார்கள். இரவு முழுக்க முழித்திருந்துவிட்டு, வெறும் வயிற்றில் பிளேன்ரீ மட்டும் குடித்துப் போனால் அது இன்னும் கூடும். இரண்டு துண்டு பாணாவது சாப்பிடட்டும்.

சரி, எப்போது பொறுத்திருக்கக் கூடாது? முதல் தடவையென்றால் பயம்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் ஒருமுறை காட்டுங்கள். மயங்கி விழுந்தாலோ, ஓடி விளையாடும்போது நெஞ்சு நொந்தாலோ, மூச்சு இழுப்புச் சத்தம் கேட்டாலோ உடனே ஆஸ்பத்திரிதான். வாரக்கணக்கில் நித்திரையில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற பேச்சு வருகிறது என்றால் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

அட்டை எங்கே இருந்தது என்கிறீர்களா? சுவாமி அறையில், திருநீற்றுத் தட்டுக்கு அடியில். ஆசீர்வாதத்துக்காக முதல்நாள் இரவு அம்மாவே வைத்தது. அப்பா ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தார். மண்டபத்தில் மேற்பார்வையாளர் ஒருதரம் ஊதித் தட்டிவிட்டுத்தான் சுட்டிலக்கத்தை வாசித்தாராம்.