மாதக் கடைசி நாள் பதிவுகள் எங்கே போகின்றன?

மார்ச் மாத அறிக்கையில் தொகை இடிக்கிறது என்று புகார் வந்தால், பைத்தான் நிரலைத் தோண்டுவதற்கு முன் 31ஆம் தேதிப் பதிவுகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஓட்டை அங்கேதான்.

தரவுத்தளத்திடம் பதிவுகளைக் கேட்கும் குவெரியில் பிட்வீன் (BETWEEN, இரண்டு மதிப்புகளுக்கு இடைப்பட்டவற்றை எடுக்கும் நிபந்தனை) போட்டு '2024-03-01', '2024-03-31' என்று இரண்டு தேதிகளைக் கொடுத்திருப்பார்கள். பிட்வீன் இரு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும், சரி. ஆனால் நெடுவரிசையில் தேதியோடு நேரமும் இருந்தால், முடிவுத் தேதி 2024-03-31 00:00:00 ஆகிவிடும். அன்று காலை 9 மணிப் பதிவு வரம்பைத் தாண்டிவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது. பைத்தானின் வலைச் செயலிக் கட்டமைப்பான ஜாங்கோவில் வரம்பு கொடுத்துத் தேடும் ரேஞ்ச் லுக்கப்பும் உள்ளே பிட்வீன்தான்.

இதற்கு 23:59:59 என்று ஒட்டுப்போடுபவர்கள் உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மைக்ரோசெகண்ட் (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை சேமிக்கிறது, 23:59:59.4 தவறிப்போகும். எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தின் பழைய டேட்டைம் வகையிலோ 23:59:59.999 மறுநாள் 00:00:00 ஆகிவிடும். ஏப்ரல் பதிவு மார்ச்சில் ஏறும்.

தொடக்கத்துக்கு >=, முடிவுக்கு அடுத்த நாளை வைத்து < போடுங்கள்: >= 2024-03-01, < 2024-04-01. பயனர் தேர்ந்த கடைசி தேதியோடு, கால இடைவெளியைக் குறிக்கும் பைத்தானின் டைம்டெல்டாவில் ஒரு நாள் கூட்டினால் போதும். டைம்டெல்டாவில் மாதக் கணக்கு கிடையாது. அடுத்த மாத முதல் தேதி வேண்டுமென்றால் நாளை 28 ஆக்கி, 4 நாள் கூட்டி, மீண்டும் நாளை 1 ஆக்குங்கள். டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் சரியாக வரும். நெடுவரிசையை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டாலும் விடை கிடைக்கும். ஆனால் அந்த நெடுவரிசையின் சாதாரண இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படாது, பெரிய டேபிளில் குவெரி நகராது.

எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் இன்னொரு சிக்கல். அதில் தேதிக்கென்று தனி வகை இல்லை, வழக்கமாக எழுத்துச் சரமாகவே சேமிக்கிறோம். சரங்களை இடமிருந்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதால், 05-04-2024 என்று வைத்திருந்தால் அது 31-03-2024ஐவிடச் சின்னது! ஆண்டு-மாதம்-நாள் வரிசை கட்டாயம். பைத்தான் 3.12இல் இயல்பான டேட்டைம் அடாப்டர் (தேதியைச் சரமாக மாற்றித் தரும் பகுதி) கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்ததால், பலர் ஐஎஸ்ஓஃபார்மட் என்ற செயற்கூறால் ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர) வடிவத்துக்குத் தாங்களே மாற்றி அனுப்புகிறார்கள். பழைய அடாப்டர் தேதிக்கும் நேரத்துக்கும் இடையே வெற்றிடம் வைத்தது; ஐஎஸ்ஓஃபார்மட் 'டி' (T) எழுத்தை வைக்கும். சரங்களை ஒப்பிடும்போது வெற்றிடம் அந்த எழுத்துக்கு முன்னால் வரும். ஆகவே எல்லைகளை 'டி' வடிவில் அனுப்பினால், பழைய பதிவுகளில் மார்ச் 1 முழுவதும் விடுபட்டு, ஏப்ரல் 1 முழுவதும் உள்ளே வந்துவிடும்.

பதிவுகள் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால், எல்லைகளைப் பயனரின் நேர மண்டலத்தில் உருவாக்கிப் பிறகு யூடிசிக்கு மாற்றுங்கள்; இதற்கான ஸோன்இன்ஃபோ நூலகம் பைத்தான் 3.9 முதல் கூடவே வருகிறது. யூடிசியைவிட 5 மணி 30 நிமிடம் முந்திய இடத்தில் 2024 மார்ச் 1 தொடங்குவது யூடிசிப்படி பிப்ரவரி 29, 18:30க்கு.

டெஸ்ட்டில் நான்கு பதிவுகள் வையுங்கள்: பிப்ரவரி 29 23:59:59.5, மார்ச் 1 00:00:00, மார்ச் 31 23:59:59.5, ஏப்ரல் 1 00:00:00. எல்லைகளும் அதே மண்டலத்தில் இருந்தால், நடுவில் உள்ள இரண்டு மட்டுமே திரும்பி வர வேண்டும்.