தொலைநகலில் போலிங் என்றால் வாக்கெடுப்பு அல்ல

போன வாரம் தொலைநகல் (ஃபேக்ஸ்) கருவி ஒன்றின் தமிழ்க் கையேட்டைப் புரட்டினேன். 'வாக்கெடுப்பு பெறுதல்', 'வாக்கெடுப்பு அனுப்புதல்', 'வாக்கெடுப்பு கடவுச்சொல்' என்று வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். இதைப் பார்ப்பது முதல் தடவை என்றால் விட்டிருப்பேன். போலிங் என்ற சொல்லைக் கண்டதும் தேர்தல் ஞாபகத்தில் மொழிபெயர்த்துவிடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது.

கருவியில் போலிங் என்ற வசதி செய்யும் வேலை எளிமையானது. வழக்கமாகத் தாளை வைத்திருப்பவர்தான் எண்ணைச் சுழற்றுவார், எதிர்முனை வாங்கிக்கொள்ளும். போலிங்கில் தாள் வேண்டுபவர் அழைக்கிறார். மறுமுனைக் கருவியின் நினைவகத்தில் ஆவணத்தை முன்பே ஏற்றி வைத்திருப்பார்கள். அழைப்பு வந்ததும் அது தானாக ஆவணத்தைத் தந்துவிடும், அங்கே ஆள் இருக்க வேண்டியதில்லை. அழைப்புச் செலவு பெறுபவருடையது. கண்டவர்களும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குத்தான் கடவுச்சொல்.

தொலைநகல் கருவிகள் பேசிக்கொள்ளும் முறையை வகுத்த டி.30 நெறிமுறையிலும் இந்தத் திசைமாற்றம் தெளிவாகத் தெரியும். அழைக்கப்பட்ட கருவி முதலில் தன் திறன்களைச் சொல்லும். சாதாரண அழைப்பில் அழைத்த கருவி 'இப்படி அனுப்பப் போகிறேன், தயாராகு' என்று ஒரு கட்டளைக் குறிகையை விடும். போலிங்கில் அதற்குப் பதிலாக 'நீ அனுப்பு' என்ற வேறொரு குறிகையை விடும். கேட்பதும் கேட்டதைப் பெறுவதும்தான் இதில் நடக்கிறது.

ஆங்கிலத்தில் 'போல்' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் தலை, குறிப்பாக உச்சந்தலை. தலையை எண்ணுவது என்பதிலிருந்து வாக்கை எண்ணுவது வந்தது. நாம் தலைவரி என்று சொல்வதற்கு அவர்கள் வைத்த பெயரிலும் அந்தத் தலை இருக்கிறது. தகவல் தொடர்புத் துறையில் ஒவ்வொரு நிலையத்தையும் முறைவைத்து 'உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்பதற்கு இதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். தொலைநகலுக்கு வந்தது இந்தப் பொருள்.

வேர் ஒன்றுதானே, வாக்கெடுப்பு என்றே இருக்கட்டுமே என்று சிலர் வாதிடுகிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. வேர் ஒன்றாக இருப்பது ஆங்கிலச் சொல்லுக்கு. வாக்கெடுப்பு என்ற நம் சொல்லில் தலையும் இல்லை, முறைவைத்துக் கேட்பதும் இல்லை. வாக்கு என்றால் வாயால் சொன்ன சொல். கொடுத்த வாக்கு, தெய்வ வாக்கு என்று வழங்கி, பிறகு தேர்தலில் அளிக்கும் ஒப்புதலுக்கும் ஆகிவந்தது. அதோடு 'எடுப்பு' சேர்ந்ததும் பலரிடம் கருத்துக் கேட்டு எண்ணிப் பார்ப்பது என்று பொருள் உறுதியாகிவிட்டது. ஒரே ஒரு கருவியை அழைத்து அதிலிருந்து நான்கு பக்கம் எடுப்பதற்கும் இதற்கும் என்ன உறவு? 'வாக்கெடுப்பு கடவுச்சொல்லை உள்ளிடுக' என்ற வரியைத் தமிழ் மட்டும் தெரிந்தவர் படித்தால் என்ன செய்வார் என்று எழுதியவர் ஒரு நிமிடம் நினைத்திருந்தாலே போதும். 'வாக்கெடுப்பு அனுப்புதல்' இன்னும் மோசம். அங்கே அனுப்பும் கருவி அழைப்பதே இல்லை, காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலருக்கு 'முறைவினவல்' பிடிக்கும். கணிப்பொறிச் செயலி தன்னோடு இணைந்த சாதனங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுவருவதற்கு அது நல்ல சொல், நானும் எழுதுவேன். தொலைநகலுக்கு அது பாதிதான் பொருந்துகிறது. வினவியதைச் சொல்கிறது, பெற்றதைச் சொல்லவில்லை. முறைவைத்துக் கேட்பதும் இங்கே கட்டாயம் இல்லை. தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அப்படியே 'போலிங்' என்று எழுதிவிடலாம் என்றால், தமிழ் எழுத்தில் அது 'போலி'யை நினைவூட்டுகிறது. நகல் எடுக்கும் கருவியில் அந்த நினைவு வேண்டாம்.

என் பரிந்துரை இரண்டு சொற்கள். அழைத்து வாங்கும் பக்கத்துக்குக் 'கேட்டுப்பெறல்', ஆவணத்தை ஏற்றிவைத்துக் காத்திருக்கும் பக்கத்துக்குக் 'கேட்டால் தரல்'. கடவுச்சொல்லும் 'கேட்டுப்பெறல் கடவுச்சொல்' என்று ஆகிவிடும். பல எண்களை அடுத்தடுத்து அழைத்து வாங்கும் வசதிக்கு 'தொடர் கேட்டுப்பெறல்'. நீளம்தான், ஆனால் பொத்தானை அழுத்துமுன் என்ன நடக்கும் என்று தெரிந்துவிடும்.

இந்தக் கோளாறு போலிங்கோடு நிற்பதில்லை. இரு கருவிகளும் ஒலிகளைப் பரிமாறி வேகத்தையும் தாள் அளவையும் முடிவு செய்துகொள்வதைக் 'கைகுலுக்கல்' என்கிறார்கள். 'இணைப்பிசைவு' என்றால் விளங்காதா? தாளை வருடும்போது மில்லிமீட்டருக்கு 3.85 வரி எடுப்பது இயல்பு நிலை, 7.7 வரி எடுப்பது அடுத்த நிலை. அந்த இரண்டாவதன் ஆங்கிலப் பெயரான 'ஃபைன்' என்பதை 'நன்று' என்று பெயர்த்திருந்தார்கள். 'நுண்மை' என்று போட்டிருந்தால், சிறிய எழுத்துள்ள தாளுக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று படிப்பவருக்கே தெரிந்திருக்கும். கருவியை ஒருமுறை இயக்கிப் பார்க்காமல் அகராதியின் முதல் வரியை மட்டும் எடுத்து எழுதுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அந்தக் கையேட்டை வாங்கியவர் திருத்தம் கேட்டு எழுதப்போவதில்லை, பேசாமல் ஆங்கிலப் பக்கத்துக்குப் போய்விடுவார்.