ஷார்ட்லிஸ்ட் – சுருக்கப் பட்டியல்

நாகர்கோவில் கோணத்திலோ மார்த்தாண்டத்திலோ ஒரு வேலைவாய்ப்பு முகாம் முடிந்தால், மறுநாளே ‘தேர்வு செய்யப்பட்டோர் பட்டியல்’ என்று ஒரு தாள் வாட்சப்பில் சுற்றத் தொடங்கிவிடும். அதன் ஆங்கில மூலத்தில் இருப்பது ஷார்ட்லிஸ்ட். அடுத்த சுற்றுக்கு யார் யார் வரவேண்டும் என்பதைச் சொல்லும் பட்டியல் அது. வேலைக்கு எடுத்தாகிவிட்டது என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் தமிழில் படிக்கும் வீட்டார் ‘பிள்ளைக்கு ஜோலி ஆயாச்சு’ என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை; மொழிபெயர்த்தவர் மேல்.

சொல்லின் கதை சிறியது. வந்த விண்ணப்பங்கள் அனைத்தும் நீண்ட பட்டியல். அதை ஏதோ ஓர் அளவுகோலால் குறைத்துக் கையடக்கமாக்கினால் ஷார்ட்லிஸ்ட். ஆங்கிலத்தில் அதுவே வினையாகவும் நடக்கிறது. பட்டியல் என்பது நமக்குப் பழகிய சொல். மலையாளத்தில் அதைப் பட்டிக என்பார்கள்.

சிக்கல் ‘தேர்வு’ என்ற சொல்லில் இருக்கிறது. இன்றைய தமிழில் எழுத்துத் தேர்வும் தேர்வு, ஆளைப் பொறுக்கி எடுப்பதும் தேர்வு. ‘தேர்வுப் பட்டியல்’ என்றால் தேர்வு எழுத வேண்டியவர்களா, எழுதித் தேறியவர்களா, வேலை கிடைத்தவர்களா? மூன்றுக்கும் இடமிருக்கிறது. வள்ளுவர் இங்கே கறாராக இருந்தார். ‘தேறற்க யாரையும் தேராது’ என்ற 509-ஆம் குறளில் தேர்தல் என்பது ஆராய்வது. தேறுதல் என்பது ஆராய்ந்தபின் நம்புவது. ஒன்று முடிந்த பிறகே மற்றது. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழைத்தது நாம்தான்.

இந்தக் குழப்பம் எவ்வளவு பெரிது என்பதற்கு யுபிஎஸ்சி குடிமைப்பணித் தேர்வைப் பார்க்கலாம். முதல்நிலையிலிருந்து முதன்மைத் தேர்வுக்கு அழைப்பது காலியிடங்களைப் போல 12, 13 மடங்கு பேரை. 275 மதிப்பெண்ணுக்கான ஆளுமைத் தேர்வுக்கு அழைப்பது ஏறத்தாழ இரு மடங்கு பேரை. 100 இடம் என்றால் கடைசிச் சுற்றுக்குப் போகும் 200 பேரில் பாதிப்பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். அந்த 200 பேரையும் ‘தேர்வானவர்கள்’ என்று செய்தி போட்டால் அது பாதிப் பொய். டிஎன்பிஎஸ்சி தொகுதி 4-இல் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்படுவோரும் காலியிடத்தைவிட அதிகம்தான். அங்கும் இதே தலைப்புதான் போடுகிறார்கள்.

வளைகுடாவுக்குப் போகும் செவிலியர் விஷயத்தில் இந்தப் பிழை பணத்தைத் தின்கிறது. ஷார்ட்லிஸ்ட் ஆன பிறகு நேர்காணல் இருக்கிறது. பணி ஒப்புதல் கடிதம், சான்றிதழ்களை அவற்றைக் கொடுத்த இடத்திலேயே கேட்டுச் சரிபார்ப்பது, அந்த நாட்டு உரிமத் தேர்வு, மெடிக்கல், விசா ஸ்டாம்பிங் எல்லாம் இருக்கின்றன. நாட்டுக்கு நாடு வரிசை மாறலாம். எங்கேயும் அறுந்துபோகலாம் என்பது மாறாது. ‘நீங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்’ என்ற ஒரு வரியை நம்பி இங்கே மருத்துவமனை வேலையை விடுகிறவர்களும், ஏஜெண்டிடம் முன்பணம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, ‘குறும்பட்டியல்’ இருக்கிறதே என்பார்கள். இலக்கியப் பரிசு அறிவிப்புகளில் நெடும்பட்டியல், குறும்பட்டியல் என்று அழகான இணையாக அது நிலைத்துவிட்டது. அங்கே இருந்துவிட்டுப் போகட்டும். ஆள் எடுக்கும் வேலைக்கு அது ஒத்துவராது. குறும்படம், குறுஞ்செய்தி, குறுநாவல் எல்லாம் பிறக்கும்போதே சிறியவை. ஒரு பெரிய படத்தை வெட்டிக் குறும்படம் ஆக்குவதில்லை. ஷார்ட்லிஸ்டின் உயிரே வெட்டிக் குறைத்தலில் இருக்கிறது. ‘குறும்’ அளவைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. அடுத்தது, அதை வினையாக்க முடியவில்லை. ‘குறும்பட்டியலிடப்பட்டுள்ளார்’ என்று எழுதுகிறார்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எந்த அலுவலகத்திலும் எந்த மேசைக்கு முன்னும் ஒரு மனிதர் அப்படிப் பேசமாட்டார். மூன்றாவது, 4,000 விண்ணப்பத்தில் 600 பேரை அழைத்தால் அந்த 600 பெயர் கொண்ட பட்டியல் எந்த வகையில் குறும்? ஆனால் அது சுருக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

‘முன்தேர்வுப் பட்டியல்’ என்பதும் வேண்டாம். இலங்கைத் தமிழர் போலத் ‘தெரிவு’ என்று மாற்றினாலும் வேண்டாம். தெரிவு நல்ல சொல். இறுதிப் பட்டியலுக்கு அதையே வைக்கலாம். ஆனால் இடைக்கட்டப் பட்டியலின் பெயரில் தேர்வு, தெரிவு இரண்டின் வாடையும் இருக்கக் கூடாது. கவலையில் இருப்பவர் ‘முன்’ என்ற முன்னொட்டைப் பார்ப்பதில்லை.

சுருக்கு என்ற வினை நம் வாயில் அன்றாடம் உள்ளது. ‘நானூறு பேரை அம்பதாச் சுருக்கியாச்சு’ என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம்; மிச்சம் இன்னும் ஏதோ இருக்கிறது என்பதும் அந்த வாக்கியத்திலேயே தெரிகிறது. ஆகவே சுருக்கப் பட்டியல். இடம் விட்டு எழுதுவது நல்லது. சேர்த்து எழுதினால் கண் ‘சுருக்கப்பட்ட’ என்று படித்து இடறும்.

‘இது மலையாள வாடை’ என்று ஒரு மறுப்பு வரும். கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் சுருக்கப்பட்டிக என்றே வெளியிடுகிறது, உண்மைதான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திரு-கொச்சி ஆட்சியில் இருந்த குமரி மாவட்டத்துக்கு அந்தச் சொல் காதில் விழுவதில் வியப்பில்லை. ஆனால் சுருங்கு, சுருக்கு, சுருக்கம் எல்லாம் நம் சொற்கள். பக்கத்து வீட்டுக்காரர் சரியாகப் பயன்படுத்துகிறார் என்பதற்காக நம் சொல்லை நாமே தள்ளிவைப்பது தூய்மை ஆகாது. சுருக்கம் என்றால் கணக்குத் தொகுப்பு என்றும் பொருள்படும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆள் எடுக்கும் அறிவிப்பில் அந்தப் பொருள் எழ வாய்ப்பு குறைவு.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழையும் உண்டு. அடிப்படைத் தகுதி உள்ளவர்களின் பட்டியலும் தகுதிப் பட்டியல், மதிப்பெண் வரிசையும் தகுதிப் பட்டியல் என்று எழுதுகிறார்கள். முதலாவதில் வயது, படிப்பு, சான்றிதழ் சரியாக இருந்தால் எல்லோரும் வருவர். இரண்டாவதில் முந்தினவர் பிந்தினவர் உண்டு. முதலாவதைத் தகுதிப் பட்டியல் என்றும் இரண்டாவதைத் தரவரிசை என்றும் பிரித்தால் தீர்ந்தது. கையெழுத்து விடுபட்டு விண்ணப்பம் கழிவது பரிசீலனையில் நடப்பது; சுருக்குவது அதற்கு அப்புறம். கணினி சல்லடை போடும் கம்பெனிகளில் இரண்டும் ஒரே நொடியில் நடக்கும்; படமாக ஸ்கேன் செய்த பயோடேட்டாவையும், கட்டம் கட்டமாகப் போட்டதையும் அது பல வேளை படிக்காது, தகுதி இருந்தும் பெயர் காணாமல் போகும். அவரைத் ‘தகுதியற்றவர்’ என்று தமிழில் எழுதுவது அநியாயம். ‘சுருக்கப் பட்டியலில் இடம்பெறவில்லை’ என்பதே உண்மை.

அறிவிப்பு எழுதுகிறவர்கள் இப்படி எழுதலாம்: ‘உங்கள் பெயர் சுருக்கப் பட்டியலில் உள்ளது. காலியிடம் 20, அழைக்கப்பட்டவர்கள் 60 பேர். அடுத்த கட்டம் நேர்காணல். இறுதித் தெரிவு அதற்குப் பிறகே அறிவிக்கப்படும். அதுவரை இப்போதைய வேலையை விடவோ யாருக்கும் பணம் கட்டவோ வேண்டாம்.’