விருந்தினர் படுக்கை: வாங்கும் முன் துவைத்துப் பாருங்கள்

முந்தின இரவு வந்து தங்கிய ஓர் அம்மா, காலையில் கம்ஃபர்ட்டரை, அதாவது பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வையை, மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கோபமெல்லாம் இல்லை. "தம்பி, விரிப்பு பளிச்சுனு இருக்கு, துவைச்ச வாசனை வருது. இதைக் கடைசியா எப்போ துவைச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். விரிப்பையும் தலையணை உறையையும் ஆள் மாறும்போதெல்லாம் மாற்றிவிடுவோம். கம்ஃபர்ட்டர் அப்படியில்லை. கறை பட்டிருந்தால் துவைக்கப் போடுவோம், இல்லாவிட்டால் மாதம் ஒரு முறை. அதற்குள் எத்தனை பேர் அதைப் போர்த்தித் தூங்கியிருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அந்த அம்மா ராத்திரி முழுக்க அதைத் தொடாமல், தன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்.

குறுகிய கால வாடகைக்கு விடும் வீடுகளைப் பராமரிப்பது என் வேலை. புதிதாக வீட்டை வாடகைக்கு விட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நல்ல மெத்தை, நல்ல பெட்ஷீட் எது?" என்பதுதான். அன்று முதல் நான் ஒரே பதிலைச் சொல்லி வருகிறேன்: தோலில் படும் எதுவும் ஒவ்வொரு விருந்தினருக்குப் பிறகும் துவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். துவைக்க முடியாத பொருள் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அந்தக் கட்டிலுக்கு வேண்டாம். நம் வீட்டில் படுக்கை நம்முடையது, அதன் பழைய கறைகூட நமக்குத் தெரிந்த கறை. வெளியூரிலிருந்து வந்து, முன்பின் தெரியாத வீட்டில் படுப்பவருக்கு அது அந்நியர் படுத்த இடம். சுத்தமாக இருக்கிறது என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் உடம்பு தளர்ந்து தூக்கம் வரும்.

இந்தக் கண்ணோடு ஒரு கட்டிலைப் பார்த்தால் பல பொருள்கள் தானாகவே விலகிப்போகும். ஜரிகை வைத்த அலங்கார விரிப்பு, மணி கோத்த குஷன்கள், கால்மாட்டில் படத்துக்காகப் போட்டுவைக்கும் வெல்வெட் துண்டு எல்லாம் அப்படித்தான். விருந்தினர் வந்ததும் அவற்றை எடுத்துத் தரையில் வைப்பார். கிளம்பும்போது மறுபடி கட்டிலில் போட்டுவிட்டுப் போவார். படம் அழகாக வர வேண்டுமென்றால் உறை மாற்றித் துவைக்கக்கூடிய குஷன் இரண்டு போதும்.

கனமான போர்வைக்கு வழி இருக்கிறது. முழுக் கம்ஃபர்ட்டரைத் தினமும் துவைத்து உலர்த்துவது யாருக்கும் ஆகாத காரியம். வீட்டு வாஷிங் மெஷினில் அது சரியாகச் சுற்றவே இடம் இருக்காது. அதற்குப் பதில், தலையணைக்கு இருப்பதுபோலக் கழற்றி மாட்டும் உறை உள்ள போர்வை வாங்குங்கள். டூவே (duvet) கவர் என்று கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே இருப்பதை அவ்வப்போது துவைத்தால் போதும், உறை ஒவ்வொரு முறையும் துவைக்கப் போகும். உள்மூலைகளில் நாடா வைத்த உறையாகப் பார்த்து எடுங்கள். நாடா இல்லாவிட்டால் உள்ளிருக்கும் போர்வை நழுவி ஒரு பக்கமாகச் சுருண்டுவிடும், நடுராத்திரியில் வெறும் உறைதான் கையில் வரும். ஜிப்பைவிடப் பட்டன் நல்லது என்பது என் அனுபவம். ஜிப் ஒரு பல் போனால் முழு உறையும் வீண், பட்டன் போனால் தைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: கட்டிலில் இரண்டு பேர் என்றால் ஒரே பெரிய போர்வையோடு இரண்டு மெல்லிய போர்வைகளையும் அலமாரியில் வையுங்கள். ஒருவருக்குக் குளிரும், பக்கத்தில் படுத்தவருக்கு வேர்க்கும்.

இப்போது துணிக்கு வருவோம். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பாக்கெட்டின் மேல் திரெட் கவுண்ட் 800, 1000 என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஒரு சதுர அங்குலத் துணியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் சேர்த்து எத்தனை என்பதே அந்த எண். அவ்வளவு சிறிய இடத்தில் நூலை அடைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கிய ஒரே நூலை இரண்டாக, மூன்றாக எண்ணித்தான் பல இடங்களில் அந்தப் பெரிய எண்கள் வருகின்றன. நல்ல நீளமான இழைப் பருத்தியில் நெய்த 250, 300 எண்ணிக்கைத் துணி, மட்டமான பஞ்சில் நெய்த 1000-ஐவிட மென்மையாகவும் உழைப்பதாகவும் இருக்கும். நான் 200-க்குக் கீழே போவதில்லை, 400-க்கு மேல் தேடுவதும் இல்லை.

எண்ணைவிட நெசவு முக்கியம். பெர்கேல் என்பது மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நூல் மாறி மாறிப் போகும் எளிய நெசவு. காற்று புகும், தொட்டால் மொடமொடவென்று குளுமையாக இருக்கும், உழைக்கும். சாட்டீனில் நூல் நாலைந்து இழைகளுக்கு மேலே தாவிப் போகிறது. அதனால் பளபளப்பும் வழவழப்பும் வருகின்றன. ஆனால் மேலே தாவி நிற்கும் அந்த நூல் வளையலிலும் நகத்திலும் மாட்டி இழுபடும். கொஞ்சம் சூட்டையும் பிடித்துவைக்கும். தினம் தினம் துவைக்கப் போகும் விரிப்புக்கு நான் பெர்கேலைத்தான் சொல்வேன். முழுக்கப் பாலியஸ்டரில் வரும் மைக்ரோஃபைபர் விலை குறைவு, சீக்கிரம் காயும், சுருங்காது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் வேர்வையை உறிஞ்சாது, உடம்பு எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். சில மாதங்களில் கால்படும் இடத்தில் உருண்டை உருண்டையாகப் பஞ்சு எழும். அதன்மேல் படுப்பவருக்குத் தூக்கத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும். பருத்தி துவைத்துக் காயவைத்துத் தேய்க்க நேரமில்லை என்றால், பருத்தி அதிகமாகவும் பாலியஸ்டர் குறைவாகவும் கலந்த துணி நடுவழி.

கடையில் விரலால் தடவிப் பார்ப்பதை நம்பாதீர்கள். புதுத் துணியின் வழவழப்பில் பாதி, விற்பனைக்காகத் தடவிய பூச்சு. இரண்டு மூன்று துவைப்பில் அது போய்விடும். நான் செய்வது இதுதான். முதலில் ஒரே ஒரு செட் வாங்குவேன். அடையாளத்துக்கு ஓரத்தில் அழியாத மையால் சிறு புள்ளி வைத்து, நீள அகலத்தை டேப்பால் அளந்து எழுதிவைப்பேன். பிறகு நாங்கள் வழக்கமாகத் துவைக்கும் அதே சூட்டில், அதே சோப்பில், அதே டிரையரில் ஐந்து முறை போட்டு எடுத்து மறுபடி அளப்பேன். பருத்தி 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சகஜம். 200 சென்டிமீட்டரில் 5 சதவீதம் என்றால் 10 சென்டிமீட்டர். எலாஸ்டிக் வைத்த விரிப்பு 10 சென்டிமீட்டர் சுருங்கினால் நாலாவது மூலை மாட்டவே மாட்டாது. இழுத்து மாட்டினாலும் விருந்தினர் புரண்டு படுத்ததும் பட்டென்று கழன்று, காலையில் வெறும் மெத்தைமேல் கிடப்பார். மெத்தையின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அதன் மேலே போடும் பாதுகாப்பு உறையின் தடிமனையும் சேர்த்தே அளக்க வேண்டும். அந்த ஐந்து துவைப்புக்குப் பிறகு தடவிப் பாருங்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், தையலை இழுத்துப் பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் மீதி செட்டுகளை வாங்கலாம்.

நிறம் வெள்ளை. அழுக்குத் தெரியுமே என்பார்கள். தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் வெள்ளை. கரும்நீல விரிப்பில் கறை இருக்கிறதா என்று நமக்கும் தெரியாது, வந்தவருக்கும் தெரியாது, அந்தச் சந்தேகமே தூக்கத்தைக் கெடுக்கும். இன்னொரு காரணமும் உண்டு. பருக்களுக்குத் தடவும் பென்சாயில் பெராக்சைடு களிம்பு, நிறத் துணியை வெளுத்துத் திட்டுத் திட்டாக்கிவிடும். வெள்ளையில் அந்தக் கவலை இல்லை. ஆனால் வெள்ளைக்கு எல்லாவற்றுக்கும் பிளீச் என்று கிளம்பிவிடாதீர்கள். சில சன்ஸ்கிரீன்களில் உள்ள அவோபென்சோன், தண்ணீரில் இருக்கும் இரும்போடு சேர்ந்து துருப்போல மஞ்சள் கறையாகும். அதன்மேல் குளோரின் பிளீச் ஊற்றினால் கறை இன்னும் அழுத்தமாகத்தான் பிடிக்கும். ரத்தக் கறையைச் சுடுதண்ணீரில் போட்டால் அப்படியே தங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அலசிய பிறகுதான் சோப்பு. மேக்கப் துடைக்க என்று இரண்டு கறுப்புச் சிறுதுண்டுகளைக் குளியலறையில் வைத்தால் தலையணை உறைகள் பாதி பிழைக்கும்.

மெத்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யார் வருவார், எத்தனை எடை, எந்தப் பக்கம் படுப்பார் என்று நமக்குத் தெரியாது. அதனால் நடுத்தரக் கெட்டி. இடுப்புவலிக்குக் கட்டாந்தரைபோலக் கெட்டி மெத்தைதான் நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றில், நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கெட்டி மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. இன்னும் மென்மை கேட்பவருக்கு மேலே போடும் மெல்லிய டாப்பர் ஒன்று அலமாரியில் இருந்தால் போதும். கெட்டியை மென்மையாக்கலாம், தொய்ந்ததைக் கெட்டியாக்க முடியாது.

மெத்தையைத் துவைக்க முடியாது. அதனால்தான் மேலே உறை. வழவழப்பான பிளாஸ்டிக் உறை வேண்டாம், புரளும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் கேட்கும், முதுகு நனையும். மேலே பருத்தித் துணியும் அடியில் மெல்லிய பாலியூரித்தேன் படலமும் உள்ளதாகப் பாருங்கள். தண்ணீர் இறங்காது, சத்தமும் இருக்காது. மெத்தையை ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும் உறை இன்னும் நல்லது. மூட்டைப்பூச்சி மெத்தைக்குள் குடியேற வழியிருக்காது. பயணிகளின் பெட்டியோடு வருவது அது, எவ்வளவு சுத்தமான வீட்டுக்கும் வரும். ஆகவே விரிப்பை உருவும் ஒவ்வொரு முறையும் மெத்தையின் தையலோரத்தையும் கட்டிலின் தலைப்பலகைப் பின்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேனா மையால் குத்தினதுபோலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அந்த அறையை வாடகைக்கு விடுவதை உடனே நிறுத்திவிட வேண்டும். துணிகளை அதிகச் சூட்டில் டிரையரில் அரைமணி நேரம் ஓட்டினால் துணியில் இருப்பவை சாகும், ஆனால் கட்டிலுக்கும் சுவருக்கும் ஆள் வைத்துத்தான் மருந்தடிக்க வேண்டும். நான் ஒரு முறை இரண்டு நாள் முன்பதிவைக் காப்பாற்றப் பார்த்து இதைத் தள்ளிப்போட்டேன். அந்த விருந்தினரின் கையில் வரிசையாக இருந்த தடிப்புகள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

தலையணையில் கஞ்சத்தனம் கூடாது. பக்கவாட்டில் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்ப உயரமானது வேண்டும். மல்லாக்கப் படுப்பவருக்கு நடுத்தரம், குப்புறப் படுப்பவருக்குத் தட்டையானது. ஆளுக்கு இரண்டு, ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. இறகுத் தலையணை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, துவைத்து உலர்த்துவதும் பாடு. செயற்கைப் பஞ்சு போதும். அதற்கும் உள்ளுறை ஒன்று, மேலுறை ஒன்று. தலையணையைப் பாதியாக மடித்துக் கையை எடுங்கள். தானாக விரியாமல் அப்படியே கிடந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. படுக்கைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியால் தும்மல், மூச்சிரைப்பு உள்ளவர்கள் நிறைய. 60 டிகிரிச் சூட்டில் துவைத்தால் அந்தப் பூச்சிகள் சாகும். எனவே வாங்கும் எல்லாத் துணியின் லேபிளிலும் 60 டிகிரி தாங்கும் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கைக்குழந்தையோடு வருபவர்களுக்குத் தொட்டில் கொடுத்தால் ஒன்றை மறக்க வேண்டாம். அன்பு மிகுதியில் அதைத் தலையணை, மெத்துமெத்துப் போர்வை, பொம்மை என்று அலங்கரித்துவிடுவார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இவை ஒவ்வொன்றும் மூச்சடைக்கும் ஆபத்து. கெட்டியான, சமமான சிறு மெத்தை, அதற்கு இறுக்கமாகப் பொருந்தும் விரிப்பு, வேறு எதுவும் இல்லை. தொட்டில் வெறுமையாகத் தெரிகிறதே என்று வீட்டுக்காரர் சொன்னாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கட்டிலுக்கு மூன்று செட். ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். இரண்டோடு ஓட்டப் பார்த்தால் ஏதோ ஒரு நாள் சரியாகக் காயாத விரிப்பைப் போட வேண்டிவரும், அந்தப் புழுங்கல் வாடை மெத்தைக்கும் இறங்கும். அளவு குழம்பாமல் இருக்க, பெரிய கட்டில் விரிப்பின் மூலையில் சிவப்பு நூலில் ஒரு தையல், சிறியதற்கு நீல நூல் போட்டுவைத்திருக்கிறோம். மடித்த அடுக்கைக் கலைக்காமலே தெரிந்துவிடும்.

அந்த மூன்றாவது செட்டை நான் முன்பெல்லாம் பூட்டிவைத்திருந்தேன். ஒரு குடும்பம் கிளம்பிய பிறகு விரிப்பை உருவினால், நன்றாக இழுத்துக் கட்டியிருந்த விரிப்புக்கு அடியில் மெத்தை உறை ஈரம். பையன் ராத்திரி நனைத்திருக்கிறான். குளியலறையில் விரிப்பைக் கையால் அலசி, ஹேர் டிரையரால் காயவைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்பது அங்கே கிடந்த வயரைப் பார்த்ததும் புரிந்தது. யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. இப்போது அந்த செட் படுக்கையறை அலமாரியில் திறந்த தட்டில் இருக்கிறது, கூடவே ஒரு துணிக்கூடையும். தட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் இவ்வளவுதான்: "ராத்திரி விரிப்பு நனைந்தாலோ கறை பட்டாலோ இதை எடுத்துக்கொள்ளுங்கள். பழையதைக் கூடையில் போட்டால் போதும், எங்களிடம் சொல்ல வேண்டியதில்லை."